சண்டேசர் சந்நிதியில் கையைத் தட்டுமுன்



கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்காவது நீங்கள் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது வடக்கு வாசல் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். அம்மையோடு அமர்ந்திருக்கிற சிவபெருமான், காலடியில் கைகூப்பி இருக்கும் ஓர் அடியாரின் தலையில் தம் கையாலேயே மாலையைச் சுற்றுகிற சிற்பம் அங்கே இருக்கிறது. அந்த அடியார்தான் சண்டேசர். மாலை வாங்குவதாகக் காட்டியிருப்பது கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழனையே என்று சொல்பவர்களும் உண்டு. கங்கை வரை படை அனுப்பி வென்ற அரசனுக்கே அந்த இடத்தின் மேல் ஆசை வருமென்றால், சண்டேசர் அப்படி என்னதான் செய்தார்?

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் சொல்கிறார். சேய்ஞலூரில் விசாரசருமன் என்றொரு சிறுவன். அவன்தான் பின்னாளில் சண்டேசர் ஆனான். வேதம் ஓதும் வீட்டுப் பிள்ளை. முட்ட வந்த பசுவை இடையன் கோலால் அடிப்பதை ஒருநாள் பார்த்தான். மனசு பொறுக்கவில்லை. "இனிமேல் இந்த மாடுகளை நானே மேய்க்கிறேன்" என்று கோலை வாங்கிக்கொண்டான். நல்ல புல், நல்ல தண்ணீர், வெயிலுக்கு நிழல் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தான். மாடுகள் கொழுத்தன. அவனைக் கண்டாலே தாமாகப் பால் சொரிந்தன. அந்தப் பாலைக் கொண்டுதான் மண்ணியாற்றங்கரை மணலில் லிங்கம் பிடித்து அபிஷேகம் செய்தான். வரிசையைக் கவனியுங்கள். வாயில்லா ஜீவனுக்காக மனம் துடித்தது முதலில். பூஜை வந்தது அதற்கு அப்புறம்.

"சாமி, பெற்ற தகப்பன் காலை வெட்டினவருக்கா மாலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அபிஷேகப் பால்குடத்தைத் தகப்பனார் எச்சதத்தன் காலால் உதைத்தார். பிள்ளை கையில் எடுத்த கோல் மழுவாகி அவர் காலை வெட்டிற்று. ஆனால் இறைவன் அந்தத் தகப்பனையும் தள்ளிவிடவில்லை. பிழை நீங்கி அவரும் சிவலோகம் சேர்ந்தார் என்றுதான் சேக்கிழார் முடிக்கிறார். இந்தக் கதையிலிருந்து மழுவை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். சாமிக்காகக் கோபப்பட ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். அடிபட்ட மாட்டை வாங்கி மேய்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிக்கு வாருங்கள். அங்கே கலியுக வரதராஜப் பெருமாளுக்குத் தனி உருவச்சிலை கிடையாது. உயர்ந்த கல் கம்பம்தான் மூலவர். தல வரலாறும் மாட்டில்தான் தொடங்குகிறது. சினைப்பசுவைக் காணாமல் காடெல்லாம் தேடி அலைந்தவருக்கு, கீழே கிடந்த கம்பத்தின் மேல் அது பால் சொரிந்து நின்ற காட்சி கிடைத்தது. போனால் போகட்டும் என்று அவர் வீட்டில் இருந்திருந்தால் பெருமாளைக் கண்டிருக்க மாட்டார். இன்றைக்கும் குடியானவர்கள் விளைந்த தானியத்தையும் மாடுகன்றையும் அங்கே காணிக்கையாகக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

பெரம்பலூர்ப் பக்கம் சிறுவாச்சூர். மதுரையிலிருந்து வந்த தெய்வம் இரவு தங்க இடம் கேட்டது, அங்கே குடியிருந்த செல்லியம்மன் கொடுத்தாள். அவளுக்கு மந்திரவாதி ஒருவனால் இருந்த தொல்லையை வந்தவள் தீர்த்துவைத்தாள். செல்லியம்மன் தன் இடத்தையே விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள் என்பது ஐதீகம். அந்த விருந்தாளியான மதுரகாளியம்மனுக்கு வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறப்பதும் இந்தக் கதையை ஒட்டித்தான். இடம் கொடுத்தவளும் பெரியவள், கைம்மாறு செய்தவளும் பெரியவள். வாசலில் வந்து நிற்பவரின் சாதியை விசாரித்துவிட்டுத் திண்ணை காட்டுகிற நாம் இந்தக் கதைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம்?

புராணம் மட்டும் போதாது என்பவர்களுக்கு நம் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1956 நவம்பர் 23, பொழுது விடியாத நேரம். மழை வெள்ளத்தில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் தகர்ந்து, தூத்துக்குடி நோக்கிப் போன ரயில் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி டில்லியில் இருந்தார். பாலம் கட்டியவர் அவரில்லை, ரயிலை ஓட்டியவரும் அவரில்லை. சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்து, பிரதமர் நேரு ஏற்காமல் இருந்தார். அரியலூர் விபத்துக்குப் பிறகு பதவியை விட்டேவிட்டார். முகம் தெரியாதவர்களின் சாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன் என்று நினைத்தாரே, அது எந்த விரதத்துக்குக் குறைந்தது?

சிவன் கோயிலில் கடைசியாகச் சண்டேசர் முன் நின்று மெல்லக் கையைத் தட்டிக் காட்டுகிறோம். கோயில் பொருள் எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு அது அடையாளம். நல்ல வழக்கம். ஆனால் பருத்தி எடுத்த பெண்ணுக்குத் தர வேண்டிய கூலி நம் மடியில் இருக்கும்போது, அண்ணன் தம்பி பங்கை அமுக்கி வைத்திருக்கும்போது, அந்தக் கை எப்படி வெறுங்கை ஆகும்? அவர்கள் பொருளும் சிவன் சொத்துதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த பிரதோஷத்துக்குள் கூலிப் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். பேசாமல் இருக்கிற உடன்பிறந்தவரோடு பேசுங்கள். கோயில் பிராகாரம் பெருக்குகிற அம்மாவை "நீங்க" என்று கூப்பிடுங்கள். அன்னதானப் பந்தியில் உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். அதற்குப் பிறகு சண்டேசர் முன் தாராளமாகக் கையைத் தட்டுங்கள்.