புகழும் கூலியும்

உழைப்பவனைப் புகழ்ந்துவிட்டால் அவனுக்குரிய நீதியைச் செய்தவர்களாகிவிடுவோமா? கலை இலக்கியத்தோடு தொடர்புடைய எவரும் தட்டிக்கழிக்க முடியாத வினா இது. அமெரிக்கக் கௌபோயின் வரலாறு இவ்வினாவை மிகத் தெளிவாக எழுப்புகின்றது.

திரையில் நாம் காணும் கௌபோய் தனியன், எவருக்கும் கட்டுப்படாதவன், துப்பாக்கியே அவனது தொழிற்கருவி. மாடுகள் அங்கே வெறும் பின்னணி. வரலாறு காட்டும் கௌபோயோ மாடு மேய்த்துப் பிழைத்த மாதக்கூலியாள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சாஸ் வெளிகளில் இலட்சக்கணக்கான மாடுகள் திரிந்தன. அங்கே சுமார் 4 டொலர் பெற்ற மாடு வடக்கே 40 டொலர் வரை விலைபோயிற்று. 1867இல் கன்சாஸ் மாநிலத்து அபிலீனில் மாடுகளைப் புகையிரதத்தில் ஏற்றும் சந்தை தோன்றியது. இடையிலிருந்த நூற்றுக்கணக்கான மைல்களை மாடுகள் நடந்தே கடக்கவேண்டியிருந்தன. விலை வேறுபாட்டை இலாபமாக மாற்றியது, அவற்றைச் சாய்த்துச் சென்றவனின் உழைப்பேயாகும்.

2,000 முதல் 3,000 வரையான மாடுகளைப் பத்துப் பன்னிரண்டு பேரே நடத்திச் சென்றனர். நாளொன்றுக்கு 10 முதல் 15 மைல் வரையே பயணம். விரட்டினால் மாடு மெலியும். மெலிந்தால் விலை குறையும். எனவே மேயவிட்டபடியே முன்னேறுவதில்தான் திறமை இருந்தது. தேர்ந்தவர் இருவர் முன்னே சென்று திசை காட்டுவர். வேறு சிலர் இருமருங்கும் நின்று மந்தை சிதறாது காப்பர். அனுபவமற்ற இளைஞர் தூசியை விழுங்கியபடி பின்தங்கும் மாடுகளைத் தள்ளிவருவர். இரவில் இருவர் இருவராக முறைவைத்து, எதிரெதிர்த் திசைகளில் மந்தையைச் சுற்றிவருவர். மாடு மிரளாதிருக்க மெல்லப் பாடுவர். இடி முழங்கி மந்தை வெருண்டோடினால், இருளிற் குதிரையைச் செலுத்தி, முன்னோடும் மாடுகளை எட்டித் திருப்பி, மந்தை வட்டமாகச் சுழன்று தணியும்படி செய்யவேண்டும். குதிரை இடறினால் உயிருக்கே ஆபத்து.

இத்தொழில் நுட்பம் வெள்ளையர் கண்டுபிடித்ததன்று. சுருக்குக் கயிறு, சேணம், குறிசுடும் முறை ஆகியவற்றை மெக்சிக்கோவின் வக்கேரோக்களிடமிருந்தே அவர்கள் கற்றனர். கௌபோய்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் கறுப்பினத்தவர் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். திரையுலகம் இவர்களை நெடுங்காலம் மறைத்துவைத்தது. டெக்சாசின் வடகோடி மேய்ச்சல் நிலமும் 1874-75இல் நடந்த போரின் வாயிலாகக் கொமான்சி முதலிய பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டதே.

அந்நிலத்திலேதான் 1883இல் கௌபோய்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களது மாதக்கூலி 25 முதல் 40 டொலர் வரையே. முன்னர், உரிமையாளனின் மந்தையோடு தமக்கெனச் சில மாடுகளையும் வளர்த்துத் தம் குறியைச் சுட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. கிழக்கு மாநிலங்களிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் முதல் வந்து குவிந்து, பண்ணைகள் கம்பனிகளானபோது அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. தாய்ப்பசுவின் குறியைப் பார்த்துக் கன்றுக்குக் குறிசுட்டவன் கௌபோய். ஆனால் ஒரு கன்றுக்கேனும் தன் குறியைச் சுடும் உரிமை அவனுக்கில்லை. மாதம் 50 டொலராவது வேண்டுமென 24 பேர் ஒப்பமிட்டு, மார்ச் 31ஐ எல்லையாக விதித்தனர். உரிமையாளர் அவர்களை விலக்கி, வேறு ஆட்களை அமர்த்தினர். சில மாதங்களுக்குள் போராட்டம் தோற்றது.

அதே ஆண்டு மே மாதத்தில், நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹா நகரில் பஃபலோ பில் தமது காட்சியை முதன்முறையாக நடத்தினார். கௌபோயின் வீரத்தைக் காணக் கூட்டம் திரண்டது. கூலி கேட்டவன் வேலையிழந்து நின்ற அதே வசந்தத்தில், அவனது சாயல் அரங்கேறிப் புகழ் பெற்றது.

அவன் தொழிலை நேசித்தான், சுதந்திரமாக வாழ்ந்தான், கூலியை அவன் பொருட்படுத்தவில்லை எனச் சிலர் கூறுவர். நேசித்திருக்கலாம், ஆனால் தொழிலை நேசிப்பவனுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்று எந்த அறம் கூறுகின்றது? சுதந்திரத்தின் சின்னமாகக் காட்டப்படும் குதிரைகூடப் பெரும்பாலும் பண்ணையுடையதே. சேணம் மட்டுமே அவனுடையது. பொருட்படுத்தாதவன் வேலைநிறுத்தக் கடிதத்தில் ஒப்பமிடவேண்டிய தேவையுமில்லை.

கௌபோயின் வீரம் பொய்யன்று. அதைப் போற்றிய மக்களின் உணர்வும் பொய்யன்று. ஆயினும் வீரத்தைக் காட்டி உழைப்பை மறைக்கும் கலை, அறிந்தோ அறியாமலோ உரிமையாளனின் பக்கமே நிற்கின்றது. உழைப்பவனைப் பாடவேண்டாமென நாம் சொல்லவில்லை. பாடும்போது, அவன் மேய்த்த மாடு யாருடையது, அவன் பெற்ற கூலி எவ்வளவு, அவன் கேட்டது என்ன என்பவற்றையும் சேர்த்தே பாடுவோம். அவன் கேட்டதை மறைத்துவிட்டு அவனுக்குச் சூட்டும் மாலை, அவன் கைக்கு வரவேண்டிய கூலிக்கு ஒருபோதும் ஈடாகாது.