தொடாத கை

என் பேத்தி போன சித்திரையில் காது குத்திக்கொண்டாள். அவளுக்கு வயது 14. இதில் எழுத என்ன இருக்கிறது, ஊரில் குத்தாத காதா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்தக் காது ஆறும்வரை எங்கள் வீட்டில் நடந்தவற்றைப் பார்த்த பிறகு, 40 வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்த ஒரு கேள்வியை இனியும் தள்ளிப்போட எனக்குத் துணிவில்லை. ஒருவர் புண்ணை இன்னொருவர் பராமரிக்கிறோமே, அந்தப் பராமரிப்பு யாருக்காக?

பதினான்கு வயதுவரை ஒரு பெண் மூளிக்காதோடு இருந்தாளா என்று வியப்பீர்கள். என் மகளின் பிடிவாதம் அது. குழந்தைக்கு 11-ஆம் மாதம் நடந்தபோதே நான் பேச்செடுத்தேன். "அவ காது அவளோடது அப்பா. அவளாக் கேக்கும்போது குத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பெண்ணின் உரிமை என்று நாவல்களில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவன்தான் நான். ஆனாலும் மொட்டை, தாய்மாமன் மடி, கறிச்சோறு, சீர்த்தட்டு இவற்றையெல்லாம் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வேண்டாம் என்றபோது மனம் ஒப்பவில்லை. ஒரு மாதம் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

1981-ல் அவளுக்கு ஒரு வயது. குலதெய்வக் கோயிலில் என் மைத்துனர் மடியில் வைத்துக் காது குத்தினோம். ஆசாரி கைதேர்ந்தவர்; குழந்தை வீரிட்டு அழுது முடிப்பதற்குள் இரண்டு காதிலும் வளையம் ஏறிவிட்டது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது. காலையும் மாலையும் எண்ணெய் தொட்டு வளையத்தைத் திருகாவிட்டால் சதையோடு ஒட்டிக்கொள்ளும் என்று என் தாயார் சொன்னார். அந்தப் பணியை நானே ஏற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் குழந்தை வளர்ப்பில் கைகொடுக்கும் தகப்பன் அபூர்வம். அந்தப் பெருமையும் எனக்குள் இருந்தது என்பதை மறைப்பானேன்? எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு வருவேன். விரலில் மை இருக்கும், காலையில் துடைத்த சைக்கிளின் கறுப்பு நகக்கண்ணில் இருக்கும். தேங்காயெண்ணெயைத் தொட்டுத் திருகுவேன். "அதைச் சும்மா விடுங்களேன்" என்பாள் என் மனைவி. சும்மா விடுவது அலட்சியம் என்று நான் நினைத்தேன்.

பத்து நாளில் இடது காது சிவந்து வீங்கியது. நான் இன்னும் அடிக்கடி பார்க்கத் தொடங்கினேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் குழந்தை உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொள்ளும். மூன்றாவது வாரம் டாக்டர் வளையத்தை நறுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மறு வருஷம் மீண்டும் குத்தினோம். முதல் துளை இருந்த இடத்தில் மிளகளவு ஒரு தழும்புக் கட்டி இன்றும் இருக்கிறது. கம்மல் சற்றே சாய்ந்துதான் நிற்கும்.

அவளுக்கு இதில் எதுவும் நினைவில்லை. பல வருஷங்கள் இதையே எனக்கு நான் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். நினைவில் தங்காத வலி வலியாகுமா? காது குத்துவதற்கு ஆதரவாகப் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்: சின்ன வயதில் குத்திவிட்டால் தெரியாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது வினோதமான வாதம். மறந்துபோவான் என்பதற்காக ஒரு மனிதனை அடிக்கலாமா? அழுத குழந்தை அந்தக் கணத்தில் முழுசாக அழுதது. பின்னால் அது மறந்தது நமக்குக் கிடைத்த சலுகை. குழந்தைக்குக் கிடைத்த நஷ்ட ஈடு அன்று.

அதற்காகக் காது குத்துவதே பாவம் என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. கேட்காமலேதான் குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம், பாஷை கொடுக்கிறோம், தடுப்பூசி போடுகிறோம். தடுப்பூசிக்கு நோய் என்ற நியாயம் இருக்கிறது. பெயருக்கு என்ன நியாயம்? காதுத் துளையாவது ஆரம்பத்தில் அணியைக் கழற்றிவிட்டால் தூர்ந்துபோகும். பெயர் அவ்வளவு சுலபமாகத் தூர்வதில்லை. சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ குழந்தையை மடியில் வைத்து, விளையாட்டுக் காட்டி, வெயில் ஊடுருவித் தெரியும் இடமாகப் பார்த்துக் குத்திப் பஞ்சுத் திரி இடவேண்டும் என்கிறது அது. கிழிந்த மடலை ஒட்டவைக்கும் முறைகளும் அதே அத்தியாயத்தில் வருகின்றன. குத்தச் சொன்னவன் கிழியும் என்பதையும் தெரிந்தே எழுதியிருக்கிறான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

பேத்தி சங்கதிக்கு வருகிறேன். முதலில் அவள் ஆசைப்பட்டது மேல்காது. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் என் பாட்டி மேல்காதில் கொப்பும், தோள்வரை தொங்கும் மடலில் பாம்படமும் அணிந்திருப்பாள். அந்தக் கொப்பின் மேல் இவளுக்குக் கண். டாக்டரம்மா விளக்கிச் சொன்னார்: மேல்காது குருத்தெலும்பு, அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் அதற்கு உணவு, ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருஷம்கூட ஆகும், சீழ் கட்டினால் காதின் வடிவமே கெட்டுப்போகலாம். கீழ்மடலோ 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். பேத்தி இரண்டு நாள் யோசித்துக் கீழ்மடலே போதும் என்றாள். கொப்பைப் பிறகு பார்த்துக்கொள்வாளாம்.

ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியால் குத்தி, டைட்டானியத் தோடு போட்டு அனுப்பினார்கள். எண்ணெய் இல்லை, மஞ்சள் இல்லை, ஸ்பிரிட் இல்லை. நாளுக்கு இரண்டு வேளை 0.9 சதவீத உப்பு நீர். அது நம் ரத்தத்தின் உப்புக்கு ஒத்த நீராம். தொடுவதற்கு முன் சோப்பால் கை கழுவ வேண்டும். திருகவே கூடாது. இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் கூடாது என்று கேட்டேன்.

துளைக்குள் என்ன நடக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன விவரத்தை நான் மறக்கமாட்டேன். மற்ற காயங்களைப் போல உடம்பு இதை மூடப் பார்க்கிறது. நடுவில் ஒரு கம்பி நிற்கிறது. வெளியேற்ற முடியாது என்று கண்டால், கம்பியைச் சுற்றியே புதுத் தோலை வளர்த்து ஒரு குழாய் அமைத்துக்கொள்கிறது. இரு வாயிலிலிருந்தும் தோல் மெல்ல உள்நோக்கி வளர்ந்து நடுவில் சந்திக்கிறது. அதனால்தான் வெளியே பார்த்து ஆறிவிட்டது என்று நாம் தீர்மானிக்கும்போது உள்ளே இன்னும் பச்சைப் புண்ணாகவே இருக்கும். திருகுகிறவன் ஒவ்வொரு தடவையும் அந்தப் புதுத் தோலைக் கிழிக்கிறான். காய்ந்த பொருக்கை உள்ளே இழுத்துவிடுகிறான்.

வீட்டுக்கு வந்த பிறகும் என் விரல்கள் துடித்தன. அவள் படித்துக்கொண்டிருப்பாள், நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பேன். சிவந்திருக்கிறதோ, வீங்கியிருக்கிறதோ? அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தத் துடிப்பு அவள் காதைப் பற்றியதே அல்ல. என் பயம் என் விரல் வழியே வடிகால் தேடியது. 1981-லும் அதுதான் நடந்தது. என் கவலைக்கு நான் வைத்தியம் செய்துகொண்டேன், என் மகளின் காதில். இதை அன்பு இல்லை என்று சொல்லமாட்டேன். அன்பேதான். குழந்தைக்கு அதனால் வலி குறைந்துவிடவில்லை.

ஐந்தாவது வாரம் ஒருநாள் பேத்தியே கூப்பிட்டாள். மடலின் பின்பக்கம் அவளுக்குக் கண்ணாடியில் தெரியவில்லை. "தாத்தா, பொருக்கு ஏதும் இருக்கான்னு பாருங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க." யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் கைகட்டிக் குனிந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சொன்னேன். "சரி" என்று புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

அடுப்படியில் மகள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். சாய்ந்து நின்ற கம்மலைப் பார்த்தேன். அந்தக் கட்டி வலிக்குமா என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"வலியெல்லாம் இல்லப்பா. எப்பவாவது அரிக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, காயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சொரியமாட்டேன்" என்றாள்.