தொண்டும் ஊதியமும்

கூலி பெற்றுச் செய்யும் பணி தொண்டாகுமா? இவ்வினா பழையது. ஆயினும், பல்கலைக்கழக மாணவர் விடுமுறைக் காலத்தில் அரச அலுவலகங்களிற் பெறும் உள்ளகப் பயிற்சி குறித்து எம்மிடையே அண்மையில் எழுந்த வாதமொன்றிலே இது புதிய வடிவில் வந்து நின்றது. மக்கட்பணியைப் பயில வரும் மாணவனுக்குப் பொதுப்பணத்திலிருந்து ஒரு தொகை வழங்கின், அவன் உள்ளத்திற் சேவை உணர்வு குன்றிவிடும் என்றார் நண்பர் ஒருவர். அவர் கொழும்பிலே பிறந்து வளர்ந்தவர் என்பதை ஈண்டுக் குறிப்பிடுவது குற்றங் கூறுவதற்கன்று. வாதத்தின் ஊற்று எங்குள்ளது என்பதைக் காட்டுவதற்கே.

என் வகுப்புத் தோழி ஒருத்தி பசறைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். கொழும்பிலுள்ள அரச அலுவலகமொன்றில் ஆறு வாரப் பயிற்சிக்கு அவளுக்கும் அந்நண்பருக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது. ஊதியம் இல்லை. நண்பர் வீட்டிலிருந்து பஸ்ஸிற் சென்று வந்தார். தோழியோ அறை வாடகை, உணவு, பயணச் செலவு ஆகியவற்றை ஒரு தாளிலே கூட்டிப் பார்த்தாள்; பின்னர் அதனை மடித்துப் புத்தகத்துள் வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். மகாபொல புலமைப்பரிசில் 2025 இல் மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது உண்மையே. வளாக விடுதியில் வாழ்பவர்க்கு அது ஒருவாறு துணையாகலாம். கொழும்பில் ஓர் அறையும் உணவும் தேடுபவர்க்கு எம்மாத்திரம்?

இவ்விருவருள் சேவை உணர்வு மிக்கவர் யார்? விடை காண வழியில்லை. ஒருவருக்கு மாத்திரமே அதனை வெளிப்படுத்தும் வாய்ப்புக் கிட்டியது. ‘இதனைச் செய்தல் உன் கடமை’ என ஒருவரை நோக்கிக் கூறுமிடத்து, அவரால் அது இயலும் என்பதும் அக்கூற்றில் அடங்கியிருத்தல் வேண்டும் என்பது காண்ட் முதலிய மெய்யியலாளர் வற்புறுத்திய கருத்தாகும். ஊதியமின்மையைத் தியாகம் எனப் போற்றுகின்றோம். தந்தையின் சம்பளத்தில் உண்டு உறங்கிச் செய்யும் பணியும் ஒருவகையில் ஊதியம் பெற்ற பணியே. கொடுப்பவர் அரசன்று, தந்தை, அவ்வளவே.

பயிற்சி முடித்து வந்த நண்பர் ஒரு செய்தி சொன்னார். மலையக முதியவர் ஒருவரின் விண்ணப்பத்தில் முகவரியாகத் தோட்டத்தின் பெயரும் பிரிவும் மாத்திரமே இருந்தனவாம். வீட்டிலக்கம் இல்லை, வீதி இல்லை. ‘முழுமையற்றது’ எனத் திருப்பி அனுப்பினராம். லயன் அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரியே கிடையாது, கடிதங்கள் தோட்ட நிருவாகத்தினூடாக வருவதே வழக்கம் என்பதை அம்மேசையிலிருந்த எவரும் அறிந்திலர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, அவர்களுட் பலர் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த ஒரு சமூகத்துக்குப் படிவம் என்பது வெறுந்தாளன்று. தோழி அங்கிருந்திருப்பின் அரை நிமிடத்தில் விளக்கியிருப்பாள்.

பட்டம் பெற்ற பின்னர் அரசு பணங் கொடுக்கத் தயங்கியதில்லை. 2020 இல் வேலையற்ற பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்து மாதம் 20,000 ரூபா வழங்கியது. பயிலும் வயதில் ஆறு வாரத்துக்கு மறுத்ததை, வேலையின்றி வாடிய பின்னர் ஓராண்டுக்கு வழங்குவதிலுள்ள நியாயம் எனக்கு விளங்கவில்லை. பணம் யாருடையது என்பாருமுளர். 2024 சனவரியிற் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. சவர்க்காரம் வாங்கும்போது கொழுந்து பறிக்கும் தாயும் அதனைச் செலுத்துகின்றாள்.

எனினும் ஒரு சிக்கலை மறைத்தலாகாது. இத்தொகை வறியவர்க்கு மட்டுமே என வரையறுப்பின், வறுமையை மெய்ப்பித்தல் வேண்டும். வருமானச் சான்றிதழுக்காகக் கிராம உத்தியோகத்தரின் வாசலில் நின்றவர்க்கே அக்கூச்சம் தெரியும். நானும் நின்றிருக்கின்றேன். முதல் நாளே ‘உதவி பெறும் பயிலுநர்’ என அறியப்படுபவர், ஏனையோருக்குச் சமமாக அமர்ந்து ஒரு வினா எழுப்பத் துணிவாரா? ஆதலின், வறுமையையன்றித் தூரத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. பயில்வோர் அனைவர்க்கும் ஒரே படி. நாள்தோறும் வீட்டிலிருந்து வந்துபோக இயலாதவர்க்குத் தங்குமிடச் செலவு மேலதிகம். பசறை தொலைவிலுள்ளது என்று கூறுவதில் எவர்க்கும் வெட்கமில்லை. வசதி படைத்த சிலரும் இதனாற் பயன் பெறுவர், பெறட்டும்.

நண்பர் இன்னும் உடன்படவில்லை. தோழியிடம் கூறினேன். அவள் மடித்து வைத்த அத்தாளை எடுத்து, அறை வாடகை என்ற வரியை வெட்டிவிட்டு, மீண்டும் கூட்டத் தொடங்கினாள்.