மூன்று துளைகள் போதுமா?

ரைபிள் தோட்டாவைக் கடையில் வாங்காமல் தாமே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவில் பரவலானது. பித்தளைக் கூட்டில் புது பிரைமரை வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, கடைசியில் குண்டை அழுத்திப் பொருத்துகிறார்கள். அந்தக் கடைசி வேலையில்தான் விவாதம். குண்டு கூட்டின் கழுத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்? அறைக்குள் இருக்கும் தோட்டாவின் குண்டுக்கும், குழலின் உட்புறத் திருகுவரிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே சிறிய இடைவெளி இருக்கிறது. சுட்டதும் குண்டு அந்த இடைவெளியைத் தாண்டித்தான் வரிகளைக் கவ்வுகிறது. ஆழம் மாறினால் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் குறியின் நேர்த்தி மாறும் என்று நம்பி, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். இந்த நம்பிக்கையை அறிவு என்று சொல்லலாமா? எத்தனை முறை கண்டால் ஒன்றின் காரணத்தைக் கண்டதாகும் என்று தத்துவவாதிகள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இங்கே ஒரு தாளில் விழுந்த துளைகளாக நம் முன் நிற்கிறது. மூன்று துளைகளைக் கண்டு ஆழத்தை அறிந்துவிட்டதாகச் சொல்வது அறிவல்ல, வெறும் ஊகம் என்பதே என் வாதம்.

வழக்கமாக நடக்கும் சோதனை எளியது. நாலைந்து ஆழங்களில் தோட்டாக்களைத் தயாரித்து, ஒவ்வோர் ஆழத்திலும் மூன்று குண்டு சுடுவார்கள். தாளில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரு துளைகளின் தூரத்தை, அதாவது துளைக் கூட்டத்தின் அகலத்தை, அளப்பார்கள். எந்த ஆழத்தில் அது மிகக் குறைவோ, அதுவே அந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற ஆழம் என்று முடிவாகும். பெர்கர் என்ற குண்டு நிறுவனம் தன் நீள்மூக்குக் குண்டுகளுக்குச் சொல்லும் முறை இதைவிடக் கவனமானது: வரிகளில் சற்றே அழுந்தும் ஓர் ஆழம், வரிகளிலிருந்து அங்குலத்தின் ஆயிரத்தில் 40, 80, 120 பங்கு விலகிய மூன்று ஆழங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறாக 24 தோட்டாக்கள், மூன்று மூன்றாக இரண்டு தடவை. ஆனால் கணக்கு இதற்கும் இடம்கொடுப்பதில்லை. எல்லாத் துப்பாக்கியும் தற்செயலாகச் சிறிது சிதறவே செய்யும். அந்தச் சிதறலின் திட்ட விலக்கத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், மூன்று குண்டுகளின் அகலம் சராசரியாக 2.4. அந்தச் சராசரிக்கு மேலும் கீழும் 0.9 அளவுக்கு அது அலைவது சர்வ சாதாரணம். ஆகவே எதையுமே மாற்றாமல், ஒரே ஆழத்துத் தோட்டாக்களை மூன்று மூன்றாக நான்கு தடவை சுட்டாலும், மிகப் பெரிய அகலம் மிகச் சிறியதைப்போல் இரு மடங்கு இருப்பது வியப்பில்லை. பத்துக் குண்டுகள் சுட்டால் சராசரி அகலம் 3.8 ஆகிவிடும். தாயம் விழுந்ததும் தான் உட்கார்ந்த திசையைப் புகழும் ஆட்டக்காரரின் நிலையில்தான் சோதித்தவர் இருக்கிறார்.

அறிவு எந்த வழியாக வருகிறது என்பதை அளவை என்ற பெயரில் நம் மரபு நுணுகி ஆராய்ந்திருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகள் பலவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். தாளில் மூன்று துளைகள் நெருங்கி இருப்பது காண்டல், அதில் ஐயமில்லை. ஆழத்தால் அவை நெருங்கின என்பது கருதல். கருதல் நிற்க, காரணமும் காரியமும் விட்டு நீங்காமல் உடன் நிகழ்வது தெரிய வேண்டும். நியாய மரபின் தர்க்கவாதிகளான நையாயிகர்கள் இதற்குத் திரும்பத் திரும்பக் காண்பதோடு நிற்கவில்லை. இடையில் மறைந்து நிற்கும் நிபந்தனை, அதாவது உபாதி, இல்லை என்றும் உறுதிசெய்யச் சொன்னார்கள். நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று கருதினால் பிழை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகும் வேண்டும். சுடுகளத்தில் இத்தகைய ஈர விறகுகள் பல: மாறும் காற்று, கானல் அலை, சூடேறிய குழல், களைத்த தோள். முதல் ஆழத்தைக் குளிர்ந்த குழலிலும் கடைசி ஆழத்தைக் கொதிக்கும் குழலிலும் சுட்டவர் ஆழத்தைச் சோதித்தாரா, சூட்டைச் சோதித்தாரா? ஆழங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி மாற்றிச் சுட்டால் இந்த உபாதி பெருமளவு விலகும். ஆனால் அதற்குப் பொறுமையும் நிறையத் தோட்டாக்களும் வேண்டும்.

காரணம் எதுவாயினும் அந்தத் தோட்டா நன்றாகச் சுடுகிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். நன்றாகச் சுடுகிறது என்பதே மூன்று துளைகளால் தெரியவில்லையே! அடுத்த முறை துளைகள் விரிந்தால் மருந்தின் மீதோ காற்றின் மீதோ பழி விழும். தவறான காரணத்தைப் பற்றிக்கொண்டவர் உண்மைக் காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார் என்பதே இதன் பெரிய கேடு.

இன்னொரு மறுப்பு வலுவானது. போட்டிகளில் வென்ற வல்லவர்கள் நுண்ணிய ஆழ வேறுபாடுகளைப் பெரிதாக மதிக்கிறார்கள். அவர்கள் சொல் சான்றாகாதா? உரையும் ஓர் அளவைதான். பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கில் சுட்டவரின் சொல்லுக்கு எடை உண்டு. ஆயினும் நாம் வென்றவர்களை மட்டுமே கேட்கிறோம்; அதே பழக்கத்தோடு தோற்றவர்களை யாரும் கேட்பதில்லை. ஆழத்துக்கு விளைவே இல்லை என்று நான் சொல்லவும் இல்லை. குண்டு கூட்டுக்குள் கூடுதலாக இறங்கினால் மருந்து எரியும் இடம் குறுகி அழுத்தம் ஏறும். சிறிய கூடுள்ள கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இது ஆபத்தாகவே முடியலாம். எதிர்முனையில், குண்டு வரிகளில் முட்டிக்கொண்டு நின்றாலும் அழுத்தம் ஏறும். இது ஏன் நிகழ்கிறது என்பது தெளிவு. கருவிகளால் அளக்கவும் முடிகிறது. அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு மாற்றம் துளைகளை நெருங்கச் செய்யும் என்பதற்கு அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இல்லை. விளக்கம் மெலிந்த இடத்தில் சான்று பெருக வேண்டும்.

அப்படியானால் எத்தனை சுட்டாலும் உறுதி வராதே, மூன்றானால் என்ன, முப்பதானால் என்ன என்பது ஐயவாதியின் கேள்வி. பொருள்முதல்வாதிகளான உலகாயதர்கள் கருதலையே ஏற்க மறுத்தார்கள். தத்துவவாதி டேவிட் ஹ்யூம் 1748இல் வெளியிட்ட நூலில், கண்டவற்றிலிருந்து காணாதவற்றுக்குத் தாவ நம்மிடம் பழக்கம் ஒன்றே இருக்கிறது என்று வாதிட்டார். துப்பாக்கியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது: ஒவ்வொரு குண்டும் குழலின் தொண்டையைச் சிறிது அரிக்கிறது, திருகுவரிகள் தொடங்கும் இடம் மெல்லப் பின்வாங்குகிறது. சோதிக்கச் சோதிக்கச் சோதனைப் பொருளே மாறிவிடுகிறது. இவற்றையெல்லாம் ஏற்கிறேன். ஆனால் முழு உறுதி எட்டாது என்பதால் எல்லா ஊகங்களும் ஒரே தரத்தவை ஆகிவிடுவதில்லை. நான்கு மடங்கு சுட்டால் சராசரியின் பிழை பாதியாகக் குறைகிறது. முப்பது கண்டவர் மூன்று கண்டவரைவிடக் குறைவாகவே ஏமாறுவார். சான்றின் அளவுக்கு நம்பிக்கையை அளந்து வைப்பது நம் கையில் இருக்கிறது. மூன்று குண்டில் கிடைத்த ஆழத்திலேயே ஒருவர் தொடர்ந்து சுடுவதில் குற்றமில்லை. அதை அறிந்த உண்மையாகப் பிறருக்குச் சொல்வதுதான் குற்றம். கேட்பவர் வேறு துப்பாக்கியில், வேறு குண்டில், வேறு அழுத்தத்தில் அதை நம்பிச் செயல்படுவார். ஆகவே தோட்டா நிரப்புபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குறிப்பேட்டில் ஆழத்தை எழுதும்போது, எத்தனை குண்டு சுட்டு அதைக் கண்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.