கரைத்த வெல்லம் எங்கே போகிறது?

அமாவாசை என்றால் விடிவதற்கு முன்பே திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். தை அமாவாசைக்குக் கேட்கவே வேண்டாம். முதல் நாள் இரவே வந்து இடம் பிடித்துப் படுத்துவிடுகிறார்கள். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து, முழுக்குப் போட்டு, பொட்டலத்தைப் பிரித்து வெல்லத்தைத் தண்ணீரில் விடுகிறார்கள். உடம்பில் இருக்கும் மருவும் கட்டியும் அதுபோலவே கரைந்துவிடும் என்பது வேண்டுதல். இங்கே பெருமாளுக்கே வைத்திய வீரராகவர் என்றுதான் பெயர்.

வெல்லம் கரைகிறது, சரி. கரைந்து எங்கே போகிறது?

நாத்திகரின் குறும்புக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் இதை முதலில் கேட்டவள் கங்கை. பாகவத புராணத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில், பூமிக்கு இறங்கி வரும்படி பகீரதன் கெஞ்சும்போது அவள் தயங்குகிறாள். மனிதர்கள் எல்லாரும் என்னிடம் பாவத்தைக் கழுவிவிட்டுப் போவார்களே, நான் அதை எங்கே போய்க் கழுவுவேன் என்கிறாள். உத்தமர்கள் வந்து நீராடுவார்கள், அவர்கள் தொட்டதும் உன்மேல் படிந்ததெல்லாம் போய்விடும் என்று பகீரதன் சமாதானம் சொல்கிறான். பதில் அழகானதுதான். ஆனால் கூர்ந்து பார்த்தால், பாவம் காணாமல் போகிறது என்று சொல்லி அவன் தப்பித்துக்கொள்ளவில்லை. அதை ஏற்றுத் தீர்க்க ஒருவர் வேண்டும் என்கிறான்.

தண்ணீரைப் பொறுத்தவரை அதைக் கழுவும் தொழிலைச் செய்வது சூரியன். பூமியில் உள்ள நீரில் ஏறக்குறைய 97 சதவீதம் கடலில் உப்பாகக் கிடக்கிறது. மிச்சமிருக்கும் நன்னீரிலும் பெரும்பகுதி துருவப் பனியாக உறைந்திருக்கிறது, அல்லது நிலத்தடியில் ஒளிந்திருக்கிறது. ஆனாலும் வெயில் ஓயாமல் கடலிலிருந்து நீரை எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆவியாகி மேலே போன நீர், சராசரியாக ஒன்பது நாளில் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடுகிறது. மார்கழியில் இதே வீரராகவர் சந்நிதியில் ஒலிக்கும் திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில், கடலுக்குள் புகுந்து நீரை அள்ளி மேலேறிப் பொழியும்படி மழைக்கான தேவனிடம் ஆண்டாள் கேட்கிறாள். லிட்டருக்கு 35 கிராம் உப்பை என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. கடலிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்பதால் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

இப்படிக் கழுவப்பட்ட நீருக்குப் பூர்வீகம் கிடையாது. திருவள்ளூருக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டிய பூண்டி ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். 1983 ஒப்பந்தப்படி ஆந்திரம் திறந்துவிடும் கிருஷ்ணா நீர், 1996 முதல் இங்கே வருகிறது. அரபிக்கடல் மேகம் மகாபலேஸ்வர் மலையில் கொட்டிய மழை அது. ஸ்ரீசைலம், சோமசிலா, கண்டலேறு என்று அணை அணையாக இறங்கி, ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பூண்டியில் நம் ஊர் மழையோடு கலந்துவிடுகிறது. கலந்த பிறகு எது கிருஷ்ணா, எது கொசஸ்தலை என்று யாரும் பிரிக்க முடியாது.

வைதிகச் சடங்குக்கும் இது தெரிந்தே இருக்கிறது. குழாய்த் தண்ணீரைச் செம்பில் பிடித்து, கங்கை யமுனையிலிருந்து காவிரி வரை ஏழு நதிகளின் பெயரைச் சொன்னால் அந்தச் செம்பு நீரே தீர்த்தம். (அந்த ஏழில் கிருஷ்ணா இல்லை, செம்புக்குள் நிஜமாகவே இருக்க வாய்ப்புள்ள நதி அதுதான்.) பெயர் சொல்லி அழைத்தாலே நீர் புனிதமாகும் என்றால், மனிதன் தொட்டதால் அது தீட்டாகும் என்ற பேச்சுக்கு இடம் ஏது? ஆனாலும் 1927-ல் அம்பேத்கரும் அவரோடு போனவர்களும் மகாட் ஊர்ப் பொதுக்குளத்தில் தண்ணீர் குடித்ததற்காக, அந்தக் குளத்தில் பஞ்சகவ்யம் ஊற்றிச் சுத்தி செய்தார்கள். எத்தனையோ உடல்களின் வியர்வையாக இருந்து வந்த நீர் அது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆக, நீர் எல்லாம் ஒன்றே, சுற்றிச் சுற்றித் தூய்மையாகிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டால் கேட்க இதமாக இருக்கும். இந்த இதத்தில்தான் சிக்கல். சூரியன் எடுத்துப் போவது நீரை மட்டும். நீரில் கலந்ததை நம்மிடமே விட்டுவிடுகிறது.

வெல்லத்தையாவது நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். அளவு மிஞ்சினால் குளத்து நீரில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்துத் தீர்க்கும். உப்பைத் தின்ன ஆளில்லை. இதற்குச் சாட்சி மீஞ்சூர். சென்னையின் தாகத்துக்காக 1960-களுக்குப் பின் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறு போட்டு இறைத்தார்கள். நன்னீர் இறங்க இறங்க, அந்த இடத்தைக் கடல் பிடித்துக்கொண்டது. கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிணறுகள் உவர்த்துப்போயின. ஒரு நல்ல மழை பெய்தால் ஏரி நிரம்பிவிடும். மண்ணுக்கடியில் ஏறிய உப்பு ஒரு மழைக்கெல்லாம் இறங்காது. அதே மீஞ்சூரின் பெயரில் காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரும் திறன் உள்ள ஆலை. வெயில் இலவசமாகச் செய்யும் வேலையை இது மின்சாரத்தைக் கொட்டிச் செய்கிறது. உள்ளே எடுத்த நீரில் பாதிக்கு மேல், முன்னைவிட உப்பேறிக் கடலுக்கே திரும்புகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. வெள்ள நீர் கடலுக்குப் போய்விட்டது. படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளின் வேரிலும் கருப்பாக ஒட்டிக்கொண்ட எண்ணெயை, மீனவர்கள் கையால் வாரிப் பீப்பாய்களில் நிரப்பினார்கள். கங்கை கேட்ட கேள்விக்கு அன்று பதில் சொல்ல நேர்ந்தது அவர்களுக்கு.

தொழிற்சாலைகளுக்கும் இதே கேள்வி உண்டு. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாதே என்று விதி வந்த இடங்களில், சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, நீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். ஆலைக்குள்ளேயே ஒரு மழைச்சுழற்சி. கடைசியில் தேறுவது மூட்டை மூட்டையாக உப்பும் சேறும். அபாயகரமானவை என்று பட்டியலிட்ட கழிவுகளைப் புதைப்பதற்கென்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இடம் இருக்கிறது. மாவட்டத்துக்கு வெளியிலிருந்தும் கழிவுகள் லாரிகளில் அங்கே வந்து சேர்கின்றன. இப்படிப்பட்ட புதைகுழிக்கு அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் அடுக்கி, கசிவை வடிக்கக் குழாய் பதித்து, நிரம்பியதும் மேலே மூடிப் புல் வளர்க்க வேண்டும். மூடிய பிறகும் சுற்றுவட்டார நிலத்தடி நீரை 30 ஆண்டுகள் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கின்றன வழிகாட்டு விதிகள்.