செம்பு ஒளிரும்போது

நம் கைப்பேசியின் ஓ.எல்.இ.டி. திரையில் தெரியும் சிவப்புக்கும் பச்சைக்கும் பின்னால் பெரும்பாலும் இரிடியம் இருக்கிறது. புவியின் மேலோட்டில் தங்கத்தைவிட அரிதான உலோகம். அதன் வேலையைச் செம்பு செய்யுமா என்ற கேள்வி, மலிவு தேடிப் பிறந்த கேள்விதான். கிடைத்த விடையோ நம்மை வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்கிறது.

திரையில் ஒளிரும் மூலக்கூறுகளில் மின்சாரம் உண்டாக்கும் கிளர்வு நிலைகளில், அதாவது ஆற்றல் ஏறிய நிலைகளில், நான்கில் ஒன்றே எளிதில் ஒளிரும் ஒற்றை நிலை. மற்ற மூன்றும் மும்மை நிலைகள். சாதாரணக் கரிமச் சேர்மங்களில் அவை வெளிச்சம் தராமலே வெப்பமாகித் தீர்ந்துவிடும். இரிடியம் தன் கனத்தால் அவற்றையும் ஒளிர வைக்கிறது. செம்புக்கு அந்தக் கனம் இல்லை. ஆனால் அதன் அணைவுச் சேர்மங்கள் பலவற்றில் இரு நிலைகளுக்கும் இடையே உள்ள ஆற்றல் இடைவெளி மிகக் குறுகியது. அறையின் வெப்பமே மும்மை நிலையை ஒற்றை நிலைக்கு ஏற்றிவிடப் போதும். ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்மூட் யெர்சின் இந்த வழியை விரிவாக ஆராய்ந்தார். நாம் இழப்பு என்று ஒதுக்கும் வெப்பம், இங்கே ஒளிக்குப் படியாகிறது.

இடர் வேறிடத்தில் இருந்தது. நான்கு பிணைப்புகளோடு நான்முகி வடிவில் நிற்கும் செம்பு, கிளர்வுற்றதும் தட்டையாகச் சரியப் பார்க்கும். அந்தச் சரிவிலேயே ஆற்றல் கரைந்துபோகும். அதனால் பருத்த ஈனிகளை, அதாவது செம்போடு பிணைந்து நிற்கும் மூலக்கூறுகளை, அதைச் சுற்றி அமைத்தார்கள். சரிய இடமில்லாதபோது செம்பு ஒளிர்ந்தது.

கட்டுப்பாடே நல்லது என்று இதிலிருந்து பாடம் எடுக்கும் அவசரம் நமக்கு வேண்டாம். அது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வசதியான பாடம். ஈனிகள் செம்பின்மேல் புது வடிவம் எதையும் திணிக்கவில்லை. அது அமைதியில் கொண்டிருந்த வடிவத்தையே கிளர்ச்சியிலும் காத்துக்கொள்ளத் துணைநிற்கின்றன. ஒரே செம்பு ஒரு சூழலில் வெறும் வெப்பமாகவும் இன்னொரு சூழலில் வெளிச்சமாகவும் முடிகிறதென்றால், பொருளின் இயல்பு என்று நாம் பெயரிட்டு அதன்மேலேயே சுமத்திவிடும் குறையிலும் நிறைவிலும் அதைச் சூழ்ந்திருப்பவற்றுக்கும் பங்குண்டு. அப்படியானால் ஒன்றையோ ஒருவரையோ ஆகாதது, ஆகாதவர் என்று நாம் தள்ளிவைக்கும்போது, நம் தீர்ப்பில் பாதி அவர்களுக்கு நாம் அமைத்துக்கொடுத்த சூழலைப் பற்றியதாகவே இருக்கிறது.

2019இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்க் தாம்சன் குழு, இரண்டே ஈனிகளுக்கு நடுவே நேர்கோட்டில் அமைந்த செம்புச் சேர்மங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஒளிர்திறனைக் காட்டியது. ஆயினும் திரைகளில் இரிடியத்தின் இடம் இன்னும் பறிபோகவில்லை. நெடுநாள் உழைக்கும் நீல ஒளியைச் செம்பிலிருந்து பெறுவது இன்றும் ஆய்வகத்து வேலைதான்.