ஏழு கன்னி மலை விபத்தும் விதி பற்றிய கேள்வியும்

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் டிசி-8 விமானம், இலங்கையின் நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னி மலையில் மோதியது. 182 பயணிகளும் 9 பணியாளர்களும் மாண்டனர். ஒருவரும் தப்பவில்லை. கட்டுநாயக்க விமான நிலையம் இன்னும் சுமார் 70 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. விமானிகள் தாம் இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்து, மலைநாட்டின் மேல் பறக்கவேண்டிய உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என விசாரணை முடிவு செய்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1978 நவம்பர் 15இல், ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர்களை ஏற்றிவந்த ஐஸ்லாந்து விமானம் கட்டுநாயக்கவை அடையுமுன் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் விமானிகள் சரிபார்க்கவில்லை என்றது இலங்கை விசாரணை. ஐஸ்லாந்துத் தரப்போ, தரையிறங்க வழிகாட்டும் கருவியில் கோளாறு இருந்ததாகக் கூறியது.

இறைவனின் கட்டளையை நிறைவேற்றச் சென்றவர்கள் பிறர் பிழையால் இறந்தால், அது இறைவிதியா, மனிதக் குற்றமா?

இஸ்லாத்தில் கத்ர் எனும் இறைவிதியை நம்புவது ஈமான் எனும் இறைநம்பிக்கையின் கடமைகளுள் ஒன்று. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படியே நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. தவறுதலாக நேர்ந்த கொலையைக் குர்ஆன் திட்டமிட்ட கொலையிலிருந்து பிரிக்கிறது. ஆயினும் அதற்கும் நட்டஈடும் பரிகாரமும் விதிக்கிறது. எண்ணத்தில் குற்றமில்லாதவனுக்கும் பொறுப்பு உண்டு என்பதே இதன் பொருள்.

பௌத்தம் எண்ணத்தையே வினை என்கிறது. அதன்படி கொல்லும் நோக்கமில்லாத விமானி கொலைப்பாவத்துக்கு ஆளாவதில்லை. அதே பௌத்தம் கவனம் பிசகாத விழிப்பை அறவாழ்வின் அடிப்படையாகவும் வைக்கிறது. திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, விடாமுயற்சிக்கு ‘ஆள்வினையுடைமை’ என இன்னோர் அதிகாரம் தருகிறது.

மலைநாட்டுத் தோட்டத்து வீடுகளில் துக்கம் விசாரிக்க வருவோர் ‘தலையெழுத்து’ என்பார்கள். இறந்தவரை இனி மீட்க முடியாது என்ற நிலையில் உறவினர் மனம் ஆற அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. எது தவறியது, அது மறுபடி நேராமல் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. ஏழு கன்னி மலை விபத்துக்கு மூன்று நாள் முன்னர், அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு விமானம் தரையிறங்க வரும்போது மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தனர். இத்தகைய விபத்துகளைத் தொடர்ந்தே, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமானது. பிழையை விதியென்று ஒதுக்காமல் ஆராய்ந்ததால் கிடைத்த பலன் அது.

முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், சைவர்கள் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர்கள் ஸ்ரீ பாதம் என்றும் போற்றும் சிகரம் விபத்து நடந்த மலைநாட்டிலேயே உள்ளது. விதியின் பெயரால் பொறுப்பைக் கைவிடுவதை அம்மூவரின் நெறிகளில் எதுவும் ஏற்பதில்லை.